எரிபந்த நோயும் மருந்துக்கு அடங்காத பங்கசும்

நெல், மரக்கறிக் கமக்காரருக்கான பாடம்



நெற்பயிரை எரிபந்தம் தாக்கினால் மருந்து தெளிக்கலாம் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். ஆயினும், தெளித்த மருந்து சில வேளைகளில் நோயை அடக்காது போவது ஏன் என்பதையும், இன்று பயன் தரும் மருந்து நாளையும் பயன் தர வேண்டுமாயின் நாம் செய்ய வேண்டுவன யாவை என்பதையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

காலபோகம் ஒன்றில், கதிர் வெளிவந்து நின்ற வயலொன்றைப் பார்வையிடுமாறு கமக்காரர் ஒருவர் எம்மை அழைத்தார். வீட்டு நகையை அடகு வைத்து நான்கு ஏக்கர் விதைத்தவர் அவர். மூன்று முறை மருந்து தெளித்தும் கதிர்கள் வெளுத்து நின்றன. "மூன்று விதமான மருந்து அடித்துவிட்டேன் ஐயா, ஒன்றுக்கும் கேட்கவில்லை" என்றார். வெற்றுப் பொதிகள் மூன்றையும் வாங்கிப் பார்த்தோம். வர்த்தகப் பெயர்கள் மூன்று, படங்கள் மூன்று, விலைகளும் மூன்று. ஆனால், சுட்டுத்துண்டிற் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த மருந்தின் பெயர் மூன்றிலும் ஒன்றே. அவர் மூன்று மருந்துகளைத் தெளிக்கவில்லை. ஒரே மருந்தை மும்முறை தெளித்திருந்தார். அதுவும் கதிரின் கழுத்தில் நோய் ஏறிய பின்னரே தெளித்திருந்தார். அப்போகத்தில் அவருடைய நகை மீளவில்லை.

இத்தகைய நட்டம் உங்களுக்கு நேராதிருக்க வேண்டுமாயின், பின்வருவனவற்றைப் பொறுமையுடன் வாசிக்குமாறு வேண்டுகின்றோம்.

1. பங்கசின் வலிமையை இந்நாடு முன்னரே கண்டது

இலங்கையின் மலைநாட்டில் ஒரு காலத்திற் கோப்பியே தலையாய பயிராக விளங்கிற்று. 1869-ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடியிற் செம்மஞ்சள் நிறத் தூள் படியும் துரு நோய் தோன்றியது. அதனை உண்டாக்கியது ஒரு பங்கசு. அதனை ஆராய்வதற்காக மார்சல் வார்ட் என்னும் தாவரவியல் அறிஞர் 1880-ல் இங்கு வந்து ஈராண்டுகள் பணிபுரிந்தார். பங்கசு பரவும் முறையை அவர் விளக்கினாரேயன்றி, அதனை அடக்க வல்ல மருந்து அன்று எவரிடமும் இருக்கவில்லை. துருசும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை பிரான்சு நாட்டிற் கண்டறியப்பட்டதே 1885-ஆம் ஆண்டளவிலேதான். அதற்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

அன்று மருந்தில்லாமற் பயிரை இழந்தார்கள். இன்று நம்மிடம் மருந்துகள் உள. அவற்றின் வலுவை நாமே நம் கையால் இழந்துவிடக் கூடாது என்பதே இப்பாடத்தின் சாரம்.

2. எரிபந்தத்தை உண்டாக்குவது யாது?

தமிழ்நாட்டிற் குலை நோய் என்று வழங்கும் எரிபந்தத்தை உண்டாக்குவது பிரிக்கியூலேரியா ஒரைசே என்னும் பங்கசு. இலையிற் கண் வடிவான புள்ளிகள் தோன்றும். புள்ளியின் நடு சாம்பல் நிறமாகவும், ஓரம் கபில நிறமாகவும் இருக்கும். கணுவைத் தாக்கினால் அவ்விடம் கறுத்து முறியும். கதிரின் கழுத்தைத் தாக்கினால் உணவு மேலே செல்லாது தடைப்பட, கதிர் வெளுத்துப் பதராகும். இலையில் வரும் நோயிற் பயிர் ஓரளவு மீளலாம். கழுத்தில் வந்தபின் மீட்சியில்லை.

இப்பங்கசின் விதை போன்ற பகுதி வித்தி எனப்படும். அது கண்ணுக்குத் தெரியாத நுண்பொருள். ஒரு புள்ளியிலிருந்து ஓரிரவில் ஆயிரக்கணக்கான வித்திகள் காற்றிற் கலக்கின்றன. பனியால் நனைந்த இலையில் விழும் வித்தி முளைத்து, கரிய நிறமுள்ள குமிழ் ஒன்றை அமைக்கின்றது. அக்குமிழினுள் உண்டாகும் அமுக்கம் மோட்டார்க் கார்ச் சில்லின் காற்றமுக்கத்தைப் போல் ஏறத்தாழ 40 மடங்காகும். அவ்வமுக்கத்தாற் பங்கசு இலையின் தோலைத் துளைத்து உட்புகுகின்றது. ஏறத்தாழ ஒரு வாரத்திற் புதிய புள்ளி தோன்றி, மீண்டும் வித்திகளைப் பரப்பும்.

கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் இரவுப் பனியும், மூடிய வானமும், யூரியா மிகுந்து கொழுத்த பயிரும் ஒன்று சேருமாயின், இரணைமடுவின் கீழுள்ள வயல்களிற் போன்று வரம்போடு வரம்பாகத் தொடரும் வயல்களில் நோய் விரைந்து பரவும். வித்திக்கு வரம்பு தெரியாது என்பதை நினைவிற் கொள்க.

3. பரம்பரையலகு என்னும் ஏடு

ஒவ்வோர் உயிரின் கலத்தினுள்ளும் அவ்வுயிரின் உடலை ஆக்குவதற்கான கட்டளைகள் எழுதப்பட்ட ஏடு போன்ற ஒன்று உண்டு. அது டி.என்.ஏ. எனப்படும். அவ்வேட்டில் நான்கே வகை எழுத்துகள் உள. அவ்வெழுத்துகள் கோவையாக அமைந்து ஒரு கட்டளையாகும்போது அதனைப் பரம்பரையலகு என்கின்றோம். ஒரு பரம்பரையலகு பெரும்பாலும் ஒரு புரதத்தை ஆக்கும் முறையைக் கூறும்.

எரிபந்தப் பங்கசின் ஏடு முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்து, அறிஞர்கள் 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதில் ஏறத்தாழ 4 கோடி எழுத்துகளும், சுமார் 11,000 பரம்பரையலகுகளும் இருத்தல் தெரிய வந்தது. அதே ஆண்டில் நெல்லின் ஏடும் முழுமையாக வெளியாயிற்று. அதன் எழுத்துகள் ஏறத்தாழ 39 கோடி. இவ்வாறு பயிரின் ஏட்டையும் அதன் பகைவனின் ஏட்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி உண்டாயிற்று.

பங்கசு பெருகும்போது இவ்வேடு படி எடுக்கப்படுகின்றது. கோடிக்கணக்கான எழுத்துகளைப் படி எடுக்கையில் எப்போதாவது ஓரெழுத்துப் பிழையாக விழும். இதனை விகாரம் என்பர். ஓரெழுத்துப் பிழையால் என்ன நேர்ந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். 'மருந்து' என்ற சொல்லின் முதலெழுத்து ஒன்று மாறினால் 'விருந்து' ஆகிவிடுகின்றதல்லவா? பங்கசின் ஏட்டிலும் அவ்வாறே ஓரெழுத்து மாற்றம் போதுமானது.

4. மருந்து எவ்வாறு தோற்கின்றது?

இக்காலப் பங்கசுநாசினிகளுட் பல, பங்கசின் உடலிலுள்ள ஒரேயொரு புரதத்தைப் பற்றிப் பிடித்து, அதன் வேலையை நிறுத்துவனவாம். புரதம் பூட்டுப் போன்றது. மருந்து அதற்கேற்ற திறப்புப் போன்றது. விகாரத்தினாற் பூட்டின் துவாரம் சிறிது மாறிவிட்டால், திறப்பு உட்செல்லாது. அத்தகைய பங்கசு மருந்துக்கு அடங்காது.

மருந்து இம்மாற்றத்தை உண்டாக்குகின்றது என்று எண்ண வேண்டாம். மாறிய வித்தி வயலில் முன்னரே அரிதாக இருக்கும். மருந்து செய்வதெல்லாம் மாறாதவற்றைக் கொன்று, மாறியதற்கு இடம் விட்டுக் கொடுப்பதேயாகும். இதனை ஓர் எளிய கணக்கினால் விளக்குவோம். விளங்கிக்கொள்ளும் பொருட்டு எடுத்துக்கொண்ட எண்களே இவை.

ஒரு கோடி வித்திகளில் ஒன்று மட்டும் மாறியது என வைத்துக்கொள்வோம். மருந்து, மாறாத வித்திகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொல்லும், மாறியதைத் தொடாது. எஞ்சியவை மீண்டும் பெருகி வயலை நிரப்பும். முதன்முறை தெளித்தபின் ஓர் இலட்சத்துக்கு ஒன்று மாறியதாக இருக்கும். இரண்டாம் முறைக்குப் பின் ஆயிரத்துக்கு ஒன்று. மூன்றாம் முறைக்குப் பின் பத்துக்கு ஒன்று. இம்மூன்று முறையும் மருந்து நன்கு வேலை செய்தது போலவே தோன்றும், நீங்களும் மகிழ்ச்சியடைவீர்கள். நான்காம் முறைக்குப் பின்னரோ, மாறாதது ஒன்றுக்கு மாறியது பத்து என்ற நிலை வந்துவிடும். ஐந்தாம் முறை தெளிக்கும்போது மருந்து திடீரெனக் கைவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது திடீரென நிகழ்ந்ததன்று. முதல் நாளிலிருந்தே நாமே விதைத்து வளர்த்த விளைவு அது.

இத்தகைய பங்கசுக்கு மருந்தை இரட்டிப்பாக ஊற்றினாலும் பயனில்லை. துவாரம் மாறிய பூட்டைப் பழைய திறப்பு இரண்டைக் கொண்டு திறக்க முடியாதல்லவா?

5. யப்பான் நாட்டின் அனுபவம்

எரிபந்தத்தோடு நெடுங்காலம் போராடி வரும் நாடு யப்பான். அங்கு நிகழ்ந்தவற்றுள் மூன்றை இங்கு கூறுவோம்.

முதலாவது: 1960-களில் கசுகாமைசின் என்னும் மருந்து எரிபந்தத்துக்கு வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் அதனையே நம்பித் தெளித்தமையால், 1970-களின் தொடக்கத்தில் அதற்கு அடங்காத பங்கசு வயல்களிற் பெருகிற்று. அம்மருந்தை நிறுத்தியபோது அடங்காத பங்கசின் பங்கு மெல்லக் குறைந்தது. மருந்துக்கு ஓய்வு கொடுத்தால் அதன் வலு ஓரளவு மீளக்கூடும் என்பது இதனால் விளங்குகின்றது. எனினும், எல்லா மருந்துகளுக்கும் இவ்வாறு நேருமென்று நம்பியிருத்தல் ஆகாது.

இரண்டாவது: 1998 அளவில் கார்ப்புரோபமிட் என்னும் மருந்து வந்தது. நாற்றுப் பெட்டியில் ஒருமுறை இட்டால் நெடுநாள் காக்கும் என்பதால் யாவரும் அதனை விரும்பினர். 2001-ல் சகா என்னும் மாகாணத்தில் அது பயன் தராது போயிற்று. பங்கசின் ஏட்டை ஆராய்ந்தபோது, கரிய நிறத்தை ஆக்கும் புரதமொன்றின் 75-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாத்திரம் மாறியிருந்தது. அம்மாற்றத்துக்குக் காரணம் ஓரெழுத்தே. மூன்று ஆண்டுகளில் ஓரெழுத்து ஒரு நல்ல மருந்தைப் பயனற்றதாக்கியது. கரிய நிறத்தை ஆக்கும் வேறொரு புரதத்தைப் பிடிக்கும் ரைசைக்கிளசோல் என்னும் மருந்துக்கு அதே பங்கசு அடங்கிற்று என்பதும் கவனிக்கத்தக்கது.

மூன்றாவது: 2012-ல் யப்பானின் மேற்குப் பகுதியில் ஸ்ரோபிலூரின் குடும்ப மருந்துக்கு அடங்காத எரிபந்தம் காணப்பட்டது. பங்கசின் கலம் மூச்சுவிடுவதற்கு உதவும் புரதமொன்றின் 143-ஆம் இடத்தில் நிகழ்ந்த மாற்றமே இதற்குக் காரணம். அங்கும் மாறியது ஓரெழுத்தே.

6. ஏட்டை வாசிப்பதாற் கமக்காரருக்கு என்ன பயன்?

2016 பெப்ரவரியிற் பங்களாதேசத்தின் கோதுமை வயல்களிற் கதிர்கள் வெளுத்தன. எட்டு மாவட்டங்களில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேயர் பாதிக்கப்பட்டது. ஆசியக் கண்டத்தில் அதற்கு முன் கண்டிராத நோய் அது. நெல்லின் எரிபந்தப் பங்கசினுடைய உறவினமே அங்கு கோதுமையைத் தாக்கியிருந்தது. அந்நாட்டு நெல்லிலிருந்து அது கோதுமைக்குத் தாவியதா, வெளிநாட்டிலிருந்து வந்ததா என்ற ஐயம் எழுந்தது. நோயுற்ற இலைகளை வயலிலிருந்தே எடுத்து, அவற்றிலிருந்த பங்கசின் ஏட்டை வாசித்து, எல்லா நாட்டு அறிஞரும் காணுமாறு வெளியிட்டனர். தென்னமெரிக்கக் கோதுமை வயல்களிலிருந்தே அது வந்தது என்பது சில வாரங்களிலேயே தெளிவாயிற்று.

பின்னர் 2018-ல் சாம்பியா நாட்டிலும் அந்நோய் தோன்றியது. 2023-ல் வெளியான ஆய்வொன்று, இரு நாடுகளிலும் பரவியது ஒரே மரபுவழியே என்று காட்டிற்று. அம்மரபுவழி ஸ்ரோபிலூரின் மருந்துக்கு இன்னும் அடங்கக்கூடியது என்பதும், கோதுமையின் எந்தப் பரம்பரையலகு அதனைத் தடுக்கும் என்பதும் அவ்வாய்விலேயே வெளிப்பட்டன. ஆனால், பிரேசில் நாட்டுக் கோதுமை வயல்களில் அம்மருந்துக்கு அடங்காத பங்கசு முன்னரே பரவியிருந்தது. அங்கும் மாறியிருந்தது அதே 143-ஆம் இடமே. வெவ்வேறு கண்டத்தில், வெவ்வேறு பயிரில், ஒரே தவறான பயன்பாடு ஒரே விளைவைத் தந்தது.

ஆகவே, ஏட்டை வாசித்தலால் நோய் எங்கிருந்து வந்தது, எம்மருந்து பயன் தரும், எவ்வினம் தாங்கும் என்ற மூன்றையும் முன்கூட்டியே அறியலாம். பத்தலகொடையிலுள்ள நெல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிறுவகம் போன்ற இடங்களில் நோயெதிர்ப்புள்ள இனங்களை உருவாக்குவோர்க்கு இவ்வறிவு பெருந்துணையாகும். எனினும், ஆய்வுகூடத்தில் ஏட்டை வாசிப்பவர் நோயுற்ற இலையின்றி எதையும் வாசிக்க முடியாது. அவ்விலை உங்கள் வயலிலிருந்தே வர வேண்டும்.

7. மரக்கறிச் செய்கையாளருக்கு

பந்தலிற் படரும் பாகல், புடோல், பீர்க்கு ஆகியவற்றையும், வெள்ளரி, பூசணி முதலியவற்றையும் செய்வோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். மரக்கறிக்குக் கிழமைதோறும் மருந்து தெளிக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. மேற்கூறிய கணக்கின்படி, நெல்லில் இரு போகங்களில் நிகழக்கூடியது மரக்கறியில் ஒரு மாதத்தில் நிகழ்ந்துவிடும்.

இலையின் மேல் வெண்தூள் படியும் தூள் பூஞ்சண நோய்க்குப் பெனோமில் என்னும் மருந்து ஐக்கிய அமெரிக்காவில் 1968 அளவிற் பயன்பாட்டுக்கு வந்தது. மறு ஆண்டாகிய 1969-லேயே பூசணிக் குடும்பப் பயிர்களில் அது பயன் தராது போனமை பதிவாயிற்று. பெனோமிலுக்கு அடங்காத பங்கசு, அதன் குடும்பத்தைச் சேர்ந்த கார்பண்டசிமுக்கும் அடங்காது. ஒரு குடும்பத்தில் ஒருவரை வென்ற பகைவன் அக்குடும்பம் முழுவதையும் வெல்வான் என்று கொள்க.

இலையின் மேற்புறம் மஞ்சட் புள்ளியும், அடிப்புறம் சாம்பல் நிறப் பூஞ்சணமும் காணப்படும் கீழ்ப்பூஞ்சண நோய் வேறு வகையினது. அதனை உண்டாக்குவது உண்மையான பங்கசன்று; பங்கசைப் போன்ற வேறோர் உயிர். ஆதலின், தூள் பூஞ்சணத்துக்கான மருந்துகள் பல இதற்குப் பயன்படா. இதற்கு மெற்றலக்சில் என்னும் மருந்து வழங்கப்பட்டது. 1979-ல் இசுரேல் நாட்டின் வெள்ளரிச் செய்கையிலும், 1980-ல் அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உருளைக்கிழங்குச் செய்கையிலும் அம்மருந்து கைவிட்டது. அதன் பின்னரே, மங்கோசெப் போன்ற மருந்துடன் சேர்த்து விற்கும் வழக்கம் வலுப்பெற்றது. மங்கோசெப் ஒரு புரதத்தை மட்டுமன்றிப் பல இடங்களை ஒரே வேளையிற் தாக்குவதால், பங்கசு அதனை எளிதில் வெல்ல முடிவதில்லை. ஆனால், அது இலையின் மேற்பரப்பை மட்டுமே காக்கும். ஆகையால் நோய் வருமுன்னர் இலையின் இருபுறமும் படியத் தெளித்தல் வேண்டும்.

8. வயலுக்கும் வைத்தியசாலைக்கும் உள்ள தொடர்பு

இது உங்கள் வீட்டாரின் உடல்நலத்தையும் தொடுகின்ற விடயமாகும். அசுப்பெர்ச்சிலசு என்னும் பூஞ்சணம் அழுகும் வைக்கோலிலும் கூட்டெருக் குவியலிலும் இயல்பாக வளர்வது. உடல் வலுவிழந்த நோயாளரின் நுரையீரலில் அது புகுந்தால் உயிருக்கே ஆபத்தாகும். அதற்கு வைத்தியர் கொடுக்கும் முக்கிய மருந்துகள், நாம் வயலிற் தெளிக்கும் தெபுகொனசோல், புரொப்பிகொனசோல் முதலியவற்றின் உறவினங்களே.

1990-களின் பிற்பகுதியிலிருந்து நெதர்லாந்தில், அம்மருந்தை ஒருபோதும் உட்கொள்ளாத நோயாளரிடமும் அதற்கு அடங்காத பூஞ்சணம் காணப்பட்டது. பின்னர் அதே விகாரம் மண்ணிலும் கூட்டெருவிலும் இருந்தமை கண்டறியப்பட்டது. 2012-ல் இந்தியாவிலும் அத்தகைய பூஞ்சணம் மண் மாதிரிகளில் இருந்தமையை டில்லி ஆய்வாளர் வெளியிட்டனர். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஆபத்தான பங்கசுகளின் பட்டியலில் இதனை முதல் வரிசையிற் சேர்த்துள்ளது. எனவே, தேவையின்றி வயலிற் தெளிக்கும் மருந்து வைத்தியசாலையிலும் ஒரு மருந்தைக் குறைக்கலாம். எஞ்சிய மருந்தைக் கூட்டெருக் குவியலிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். கூட்டெருவைப் புரட்டும்போது வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள்.

9. மருந்துகளின் குடும்பங்கள்

வர்த்தகப் பெயரைப் பார்த்து மருந்தை மாற்றுதல் மாற்றமாகாது. குடும்பத்தை மாற்றுதலே மாற்றமாகும். பின்வருவனவற்றை எழுதி வீட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

முதற் குடும்பம்: கார்பண்டசிம், தயோபனேற் மீதைல்.
இரண்டாம் குடும்பம்: தெபுகொனசோல், புரொப்பிகொனசோல், டைபெனகொனசோல், ஹெக்சகொனசோல்.
மூன்றாம் குடும்பம்: அசொக்சிஸ்ரோபின், ரைபுளொக்சிஸ்ரோபின்.
நான்காம் குடும்பம்: ரைசைக்கிளசோல். (எரிபந்தத்துக்கு மட்டும், நோய் உட்புகுமுன் தடுப்பது.)
ஐந்தாம் குடும்பம்: ஐசோபுரோதயோலேன்.
ஆறாம் குடும்பம்: மெற்றலக்சில். (கீழ்ப்பூஞ்சணம் போன்றவற்றுக்கு மட்டும்.)
பல இடங்களைத் தாக்குவன: மங்கோசெப், குளோரோதலோனில்.

இவை அறிவுக்காகக் கூறப்பட்டனவேயன்றி வாங்குமாறு கூறப்பட்டனவல்ல. ஒரு மருந்து இந்நாட்டிற் பதிவு செய்யப்பட்டதா, உங்கள் பயிருக்கும் நோய்க்கும் சிபாரிசு செய்யப்பட்டதா என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்த பின்னரே வாங்குக. சுட்டுத்துண்டு இல்லாத பொதியை எவ்விலைக்கும் வாங்காதீர்கள்.

10. செய்ய வேண்டியவை

(அ) விதைநெல்லை நோயற்ற வயலிலிருந்து எடுங்கள். இயன்றவரை உறுதிப்படுத்தப்பட்ட விதைநெல்லையே விதையுங்கள். முற்போகத்தில் எரிபந்தம் கண்ட இனத்தை அதே வயலில் மீண்டும் விதைக்க வேண்டாம்.

(ஆ) யூரியாவைச் சிபாரிசு செய்த அளவில், பல முறைகளாகப் பகிர்ந்து இடுங்கள். இலையிற் கண் வடிவப் புள்ளிகள் பெருகும் வேளையில் யூரியா இடுவது எரியும் நெருப்பில் நெய் வார்ப்பதாகும்.

(இ) வயலைக் காய விடாதீர்கள். நீர்த் தட்டுப்பாட்டால் வாடிய பயிரை எரிபந்தம் எளிதிற் பற்றும்.

(ஈ) அறுவடையின் பின் நோயுற்ற வைக்கோலை வரம்போரம் குவித்து வைக்காமல், அடுத்த விதைப்புக்கு முன் நன்கு உக்குமாறு உழுது புதையுங்கள். அரைவாசி எரித்த உமியை வயலில் இடுவதாற் சிலிக்கா சேர்ந்து இலையின் தோல் உறுதிப்படும்.

(உ) வயல் வெளி முழுவதும் ஒரே இனத்தை விதைப்பதைத் தவிர்க்குமாறு கமக்காரர் அமைப்பிற் பேசி முடிவு செய்யுங்கள். சீனாவின் யுனான் மாகாணத்தில் 1998, 1999 ஆகிய ஆண்டுகளில், எரிபந்தம் எளிதிற் பற்றும் நெல்லினத்தின் வரிசைகளை நோயெதிர்ப்புள்ள இனத்தின் இடையே நட்டனர். தனியே நட்டபோது இருந்ததைவிட அவ்வினத்தில் நோய் 94 வீதம் குறைந்தது. விளைச்சல் 89 வீதம் கூடிற்று. ஈராண்டுகளின் முடிவில் அங்கு எரிபந்த மருந்து தெளிப்பதையே நிறுத்திவிட்டனர். இயந்திர அறுவடை செய்யும் நமக்கு இனங்களை வரிசையாகக் கலந்து நடுதல் கடினமாயினும், பக்கத்து வயல்களில் வெவ்வேறு இனங்களை விதைத்தல் கடினமன்று.

(ஊ) கிழமைக்கு இருமுறை காலையில் வயலுக்குள் இறங்கி, நடுவிலும் மூலைகளிலும் இலைகளைப் பாருங்கள். நோயைக் கண்டபின் தெளியுங்கள். அயலவர் தெளித்தார் என்பதற்காகத் தெளிக்காதீர்கள். முன்னர் கழுத்து எரிபந்தம் கண்ட வயலாயின், கதிர் வெளிவரத் தொடங்குமுன்னரே போதனாசிரியரின் ஆலோசனையைப் பெறுங்கள். கழுத்து நோய்க்கு முன்காப்பே மருந்து.

(எ) ஒரு போகத்தில் ஒரே குடும்ப மருந்தை இருமுறைக்கு மேற் தெளித்தல் ஆகாது. இரண்டாவது முறை தெளிக்க நேரின் வேறு குடும்பத்தைத் தெரிவு செய்வதே மேலானது.

(ஏ) சுட்டுத்துண்டிற் குறித்த அளவு மருந்தையும், குறித்த அளவு நீரையும் பயன்படுத்துங்கள். அளவைக் குறைத்தால் அரைகுறையாக மாறிய பங்கசு தப்பிப் பெருகும். கூட்டினால் பணமும் உடலும் கெடும். பல மருந்துகளை உங்கள் விருப்பப்படி ஒரே கொள்கலனிற் கலக்காதீர்கள்.

(ஐ) தெளித்த நாள், மருந்தின் பெயர், அளவு, பயன் ஆகியவற்றைக் கொப்பியொன்றிற் குறித்து வையுங்கள். அடுத்த போகத்தில் எக்குடும்பத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதை அக்கொப்பியே உங்களுக்குச் சொல்லும்.

11. மருந்து கேளாதபோது

மருந்து பயன் தராவிடின், பங்கசு மாறிவிட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். முதலிற் பின்வருவனவற்றை ஆராய்க. நோய் எரிபந்தந்தானா? இலை நுனியிலிருந்து ஓரமாக வெளிறி வருவது பற்றீரியா நோய். அதற்குப் பங்கசுநாசினி எதுவும் பயன்படாது. சிறிய, வட்டமான கபிலப் புள்ளிகள் வேறு நோய். அது பெரும்பாலும் மண்ணின் வளக்குறைவைக் காட்டும். தெளித்தபின் மழை பெய்ததா? நீர் போதாமையால் மருந்து எல்லா இலையிலும் படவில்லையா? கழுத்தில் நோய் ஏறிய பின்னர் தெளித்தீர்களா? பொதியின் காலம் கடந்துவிட்டதா?

இவற்றுள் எதுவும் காரணமன்றெனில், அதே மருந்தை மீண்டும் தெளிக்காதீர்கள். புதிய புள்ளிகளுள்ள இலைகள் பத்துப் பன்னிரண்டை நிழலில் உலர்த்தி, கடதாசி உறையில் இடுங்கள். பொலித்தீன் பையில் இட்டால் அழுகிவிடும். நெல்லின் இனம், விதைத்த நாள், தெளித்த மருந்து ஆகியவற்றை உறையின்மேல் எழுதி, வெற்றுப் பொதியுடன் விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படையுங்கள். நேரில் வர இயலாதோர் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். இவ்வாறு நீங்கள் தரும் ஓர் உறை, உங்கள் வயலை மட்டுமன்றி, அயல் வயல்களையும் காக்க உதவும்.

நினைவிற் கொள்க

மருந்தின் வலு கடையில் விற்கப்படுவதன்று. அது குளத்து நீரைப் போன்று எல்லாருக்கும் பொதுவானது. குளத்து நீரை ஒருவர் வீணாக்கினால் கடை வயலுக்கு நீர் எட்டாது. மருந்தின் வலுவை ஒருவர் வீணாக்கினால் ஊர் முழுவதற்கும் மருந்து எட்டாது. வாய்க்கால் நீரைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் நாம், மருந்தையும் முறை வைத்துப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை கடையில் மருந்து வாங்கும்போது பொதியின் படத்தையும் பெரிய எழுத்தையும் விடுத்து, சிறிய எழுத்தை வாசியுங்கள். கண் தெரியாவிடின் பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். சென்ற முறை தெளித்த அதே பெயர் அதில் இருந்தால், அப்பொதியைக் கடையிலேயே வைத்துவிட்டு எம்மிடம் வாருங்கள்.